முப்பத்திரண்டு வருடம் நிரம்பாத தொட்டி

மார்ச் 4
கடிதம் வந்தது. எல்லா வீட்டுக் கழிவுத்தொட்டியையும் சான்றிதழ் பெற்ற ஆய்வாளர் பார்த்து எழுத வேண்டுமாம், மாதக் கடைசிக்குள். தேறாவிட்டால் கழிப்பறைக்குப் பூட்டாம். போடட்டும். தினமும் காலையில் அவர்களே வந்து திறந்தும் விடட்டும்.

தொட்டியைக் கட்டியவன் நான். முப்பத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட லாரி வந்து உறிஞ்சியதில்லை. இந்தத் தெருவில் வேறு எவனாவது அப்படிச் சொல்லட்டும்.

மார்ச் 7
கையுறை போட்ட ஒரு பெண் வந்தாள். ஆய்வாளராம். என் பேத்தி வயது.

"மூடி எங்க இருக்கு ஐயா?"

"பாக்க வேண்டியதில்ல. நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போம்மா."

"சான்றிதழ் இருக்கிறவங்கதான் பாத்து எழுதணும்."

"அத யாருக்குத் தருவீங்க?"

"யாருக்கு வேணும்னாலும். ரெண்டு நாள் வகுப்பு, ஒரு பரீட்சை."

அங்கேயே பெயர் கொடுத்துவிட்டேன். "எழுபத்தோரு வயசுல கக்கூஸ் படிப்பா?" என்று சிரித்த மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடிக்கடி வரும் அதே வலி. வெளியில் தின்னாதே என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன்! கேட்டால்தானே.

மார்ச் 8
கேன் தண்ணீர் வாங்கலாமா என்கிறாள். கொல்லையில் கற்கண்டு மாதிரி கிணற்றுத் தண்ணீர் இருக்கும்போதா? முடியாது என்றேன்.

மார்ச் 12
வகுப்பு. சொல்லித்தருவதும் அதே கையுறைக்காரி. நான்கு தவறுகளைச் சுட்டிக்காட்டினேன். மூன்றை மறுத்தாள். ஒன்றுக்கு, "பாத்துச் சொல்றேன் ஐயா." வெற்றிதான்.

மார்ச் 13
"ஒரு தொட்டி முப்பது வருஷமா நிரம்பவே இல்லன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். நான் மட்டும் கை தூக்கினேன். "கட்டினவன் கெட்டிக்காரன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள்: "அடியில தளம் இல்லன்னு அர்த்தம் ஐயா. எல்லாம் மண்ணுக்குள்ள போகுது. பக்கத்துல கிணறு இருந்தா, அதுக்குள்ளயும்."

தளம். மண் தாங்காதா, அடிக்கு எதற்கய்யா சிமெண்டு என்று கொத்தனாரோடு சண்டை போட்டு, அவரை அனுப்பிவிட்டுத்தான் நானே கட்டினேன். அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன்.

மார்ச் 14
மூடியிலிருந்து கிணறுவரை அடிமேல் அடி வைத்து அளந்தேன். இருபது. திரும்பவும், கால்விரலைக் குறுக்கிக்கொண்டு. இருபத்தொன்று. வகுப்பில் கொடுத்த புத்தகம் ஐம்பது கேட்கிறது.

மார்ச் 15
"கடைசியா எப்ப வெளியில சாப்ட்ட?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நம்ம பொண்ணு கல்யாணத்துல."

பதினோரு வருடம் ஆகிறது.

மார்ச் 16
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 20
தேறினேன். முதல் மதிப்பெண். கையுறைக்காரி எழுந்து நின்று கைதட்டினாள். சொந்த வீட்டை ஆய்வு செய்யக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. இரண்டுமுறை படித்துப் பார்த்தேன்.

மார்ச் 29
கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்து கம்பை விட்டேன். தளத்தில் தட்டவில்லை, மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது.

கேன்காரரிடம் இரண்டு கேன் வாங்கினேன். அவளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடித்தாள். நானும் குடித்தேன். ருசியே இல்லை.

நாளை டாக்டரிடம் போகிறோம். தளம் போட்டு முடிக்கும்வரை மகள் வீட்டில் இருப்போம். கழிப்பறைக்குப் பூட்டை நானே போட்டேன்.

உரிமையாளர்: நான். ஆய்வாளர்: நான். முடிவு: தேறவில்லை.

படிவத்தின் கடைசியில் 'உரிமையாளரின் ஆட்சேபம்' என்று பெரிய கட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் எழுதலாம். பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடிவிட்டேன்.