வடவாயிலில் திரும்பிய படைத்தலைவருக்கு

நலம் பெருகுக. மழை தவறாத செம்புலநாட்டின் அரியணை அமர்ந்த அரும்பொற்கொடித் தேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் வெண்ணாகன் எழுதிய ஓலை. வடகோட்டைப் படைத்தலைவரும் தேவியாரின் கணவரும் இளவரசி கொற்றியின் தந்தையுமாகிய ஆதன் மழவரையர் காண்க. தங்கள் மதிலும் வீரரும் குதிரைகளும் குறைவின்றி விளங்குக.

தாங்கள் விடுத்த ஓலை படிக்கப்பட்டது. பகைவர் வந்தால் மட்டும் எழ வேண்டிய குன்றின் புகையை இளவரசி ஈர இலைகளை இட்டு எழுப்பியதும், தாங்கள் படையோடு விரைந்து வந்து வடவாயிலில் உண்மை அறிந்ததும், வீரர் சிரிக்க உள்ளே நுழையாமல் திரும்பியதும் மெய்யே. அவளை அவை நடுவே புளிய விளாரால் அடிக்க வேண்டும் என்று தாங்கள் கேட்டது தேவியாருக்கு வியப்பளிக்கவில்லை. அவ்வோலை வரும் முன்னரே அவர் கையில் விளார் இருந்தது.

சினம் கொண்டவர் தண்டனை சொல்லலாகாது, நீரில் மிதக்கும் துளை வட்டில் நிரம்பி மூழ்கும்வரை வாய் திறவாது அமர வேண்டும் என்பது நம் அவை வழக்கம். அது கள்வருக்கு உரியது, பெற்ற பிள்ளைக்கு அல்ல என்றே தேவியார் எண்ணியிருந்தார். நாழிகைக் கணக்கர் கீரந்தையாரோ வட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்தப்புரத்துக்கே வந்துவிட்டார். இங்கே உமக்கு என்ன வேலை என்று தேவியார் சீற, அவர் சொன்னதைச் செம்மைப்படுத்தாமல் எழுதுமாறு ஆணை: “கோழி திருடினவனுக்கே வட்டில் வைக்கிறோம் தாயே. நம்ம புள்ளைக்கு வைக்கக் கூடாதா?”

தேவியார் விளாரை மடியில் வைத்து, எதிரே நின்ற இளவரசியை நோக்கி அமர்ந்தார். வட்டில் பாதி நிரம்பும்வரை தங்கள் மானமும் தம் மானமுமே அவர் நெஞ்சில் இருந்தன. பிறகுதான், அடிவாங்க நீட்டிய கைகளை இளவரசி இன்னும் மடக்கவில்லை என்பதும், உள்ளங்கையில் தீக்கொப்புளம் இருப்பதும் கண்ணில் பட்டன. வட்டில் மூழ்கியது. ஏன் செய்தாய் என்று மெல்லக் கேட்டார்.

“புகை வந்தா அப்பா வருவாருன்னு காவக்காரங்க சொன்னாங்க. வந்தாரு. வாசலோட போயிட்டாரு. இன்னும் எவ்ளோ புகை போட்டா உள்ள வருவாரும்மா?” என்றாள்.

பிழை பிழையே. புகை கண்டு அஞ்சி ஓடியவர்கள் சந்தையில் போட்டுடைத்த பானைகளின் ஓடுகளை இளவரசி தேவியாரோடு சென்று பொறுக்கினாள். குயத்தி ஒருத்தி, “ஒங்க அப்பாவப் பாக்க எங்க பொழப்புலயா தீ வைப்ப?” என்று வைதபோது தேவியார் தடுக்கவில்லை, மகள் அழுது முடிக்கும்வரை அவள் கையை விடவுமில்லை. குன்றில் விறகை மீண்டும் அடுக்குவதும் இளவரசியின் பொறுப்பு. கொப்புளம் ஆறியதும் தொடங்குவாள்.

எஞ்சியது தங்கள் பங்கு. வீணே விரைந்த வீரரிடம் இளவரசி தன் வாயால் மன்னிப்புக் கேட்பாள். ஆகவே கோட்டையைத் துணைத்தலைவரிடம் ஒப்படைத்து, அவ்வீரர் சிலரோடு வளர்பிறையில் புறப்படுக. வந்ததும் முதலில் வட்டில் முன் அமர்க. படைத்தலைவர் என்று கீரந்தையார் சலுகை காட்டமாட்டார்.

நெற்கதிர் முத்திரை சான்றாக இது தேவியாரின் ஆணை: வடவாயில் திறந்திருக்கும். குன்றில் புகை எழாது. அது எழாமலே வருக.