ஒற்றைக் கைக்கு ஒரு வெந்நீர் மிஷின்

அன்புள்ள சாமி சிவப்பிரகாஷுக்கு அப்பா எழுதுவது. எலப்புள்ளியில் நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் மருமகள் யோகப்பிரியாவும் பாப்பா மௌனிகாவும் அந்தக் குளிருக்குச் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். போனில் சொல்லாமல் இது என்ன கடிதம் என்று கேட்பாய். போன் அடித்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நீயோ பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

நீ இணையத்தில் பார்த்து அனுப்பிய வெந்நீர் மிஷினை நான் வாங்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. தொட்டால் அந்த நிமிஷமே கொதிநீர் வருகிற குழாய், சிங்குக்கு அடியில் பெட்டி, பார்க்க அழகுதான். ஆனால் நம் கிணற்றுத் தண்ணீர் உனக்கு மறந்துவிட்டதா? குக்கர் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி படிகிற உப்புக்கு அந்தச் சின்னக் குழாய் எத்தனை மாதம் தாங்கும்? சாயங்காலம் சுற்றிலும் மோட்டார் போட்டால் நம் வீட்டு பல்பே மங்குகிறது, அதில் அவ்வளவு கரண்ட் இழுக்கிற சாமானை எப்படி ஓட்டுவது? அதையெல்லாம்கூட ஆள் வைத்துச் சரிபண்ணிவிடலாம். உன் அம்மாவுக்கு வலது கை இன்னும் எழும்பவில்லையே, அதற்கு என்ன செய்வது? ஸ்ட்ரோக் வந்து கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது, கை மட்டும் சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது. இடது கையால் சட்டியைத் தூக்கப் போய் அன்றைக்குக் கால்மேல் வெந்நீரைக் கொட்டிக்கொண்டாள். அதைக் கேட்டுத்தான் நீ பதறிப்போய் இனிமேல் அம்மா அடுக்களைக்குள் போகவே கூடாது, முழுநேரத்துக்கு ஹோம் நர்ஸ் வைத்துவிடுகிறேன் என்று சொன்னாய். உன் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கப்புறம் அவள் போடாத டிவிக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். மதியம் என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டால், உங்களுக்கு எது வருதோ வைங்க என்கிறாள். என் குழம்பைக் குறை சொல்லாமல் அவள் சாப்பிட்டது இந்த நாற்பது வருஷத்தில் இல்லை சாமி.

அதனால் அவளையே கூட்டிக்கொண்டு பாலக்காட்டுக் கடைக்குப் போனேன். அங்கே ரிஜோ என்று ஒரு பையன். அங்கிளே, இதாணு லேட்டஸ்ட் என்று கண்ணாடி மாதிரி மினுங்குகிற ஒன்றைக் காட்டினான். ஒரு கையால் பூட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வெந்நீர் பட்டனைத் தொட வேண்டுமாம், குழந்தைகள் கை சுடாமல் இருப்பதற்காக. உன் அம்மா சும்மா இருப்பாளா, ஏனுங் தம்பி, ஒத்தக் கையில இதை எப்படீங் அமுக்கறது என்று கேட்டுவிட்டாள். அவன் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு கடையிலிருந்த மிஷின்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். நல்ல பையன். கடைசியில் மேடைமேல் வைக்கிற ஒன்று அகப்பட்டது. டம்ளரை அதன் தட்டில் வைத்துவிட்டு மேலே இருக்கிற பெரிய பட்டனை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் போதும், ஒரு டம்ளர் அளவு ஊற்றித் தானே நின்றுவிடும். தூக்கவும் வேண்டாம், சாய்க்கவும் வேண்டாம். மூடி அகலமாக இருப்பதால் உப்புப் படிந்தால் நானே கழுவிக்கொள்வேன்.

வாங்கி வந்த மறுநாளே அது இருமலுக்கு மருந்து ஊற்றுவது போலச் சொட்டுச் சொட்டாக ஊற்ற ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேலே நிற்குமே, ரிஜோவுக்குப் போன் போட்டு ஏமாற்றிவிட்டாய் என்று கத்தினேன். அவன் கஞ்சிக்கோட்டுக்குப் போகிற வழியில் வந்து மூடியைத் திறந்தான், உள்ளே சல்லடை நிறையச் சீரகம்! நம் வீட்டில் சீரகம் போடாமல் குடிக்கிற தண்ணீர் கொதித்தது உண்டா, உன் அம்மா பழக்கத்தில் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறாள். அம்மே, இதில் ஜீரகம் இடான் பாடில்லா, போடக் கூடாது என்று அவன் சிரிக்கிறான். வெறுந் தண்ணிய ஆருங் காச்சிக் குடிப்பாங்க என்று அவனையே அதட்டுகிறாள். எத்தனை நாள் கழித்து அந்த அதட்டலைக் கேட்டேன் தெரியுமா? இப்போது சீரகம் கூஜாவில், வெந்நீர் அதன்மேல்.

நேற்று நீ ஏற்பாடு செய்த ஹோம் நர்ஸ் வீட்டைப் பார்க்க வந்தாள். பெயர் மாரீஸ்வரி, மூணாறு எஸ்டேட்டுப் பிள்ளை, தன்மையாகப் பேசுகிறாள். உட்காரச் சொல்லிவிட்டு உன் அம்மா அடுக்களைக்குள் போனாள். வடிகட்டியை டம்ளர்மேல் வைத்து டீத்தூளைப் போட்டு, மிஷின் பட்டனைத் தட்டி, சர்க்கரை போட்டு, நான் காலையில் காய்ச்சி வைத்த பாலை ஊற்றி, எல்லாம் இடது கையில்தான். நேரமானதும் அந்தப் பெண் தாங்காமல், நீங்க இருங்கம்மா, நான் போடுதேன் என்று எழுந்துவிட்டாள். உக்காரு அம்முணி, இது என்ற ஊடு, நானே கொண்டாறேன் என்றாள் உன் அம்மா. டம்ளர் ஆடிக் கொஞ்சம் தரையில் சிந்தியது, ஆனாலும் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாள். ஆகையால் மாரீஸ்வரி காலையில் மட்டும் வந்து குளிக்க வைத்துத் தலை பின்னிவிட்டுப் போகட்டும், முழுநேரம் வேண்டாம். இதற்கு நீ சரி என்று சொல்ல வேண்டும், அடுக்களையை உன் அம்மாவிடமிருந்து வாங்கிவிடாதே சாமி.

மருமகளுக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசிகள், மாரியம்மன் துணையில் மூன்று பேரும் நல்லபடியாக இருங்கள். ஒன்றே ஒன்று, நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். லீவுக்கு வருகிறபோது உன் அம்மா டம்ளரோடு வந்தால் பாவம் என்று ஓடிப்போய் வாங்காதே. ஆறிப்போனாலும், பாதி சிந்தினாலும், உட்கார்ந்த இடத்திலேயே இரு. அவள் உன்னிடம் வந்து சேரட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
பொங்கியண்ணன்