டொனிக்கை நிறுத்திய பிறகு

அன்பு மகள் ஹாஜறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். காத்தான்குடியில் பிள்ளைகள் சுகமா? கண்டியில் நான் சுகம்.

முழங்காலுக்கென்று தினமும் டொனிக் குடிப்பதை எழுதியிருந்தேனே. ஆறு மாதமாக இந்த வீட்டு மாடிப்படியில் குமரி மாதிரி சாப்பாடு சுமந்து ஏறினேன். போன வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரின் மகள் போத்தலில் இருந்த இங்கிலீசை வாசித்து, "மூத்தம்மா, இதுல வைன் கலந்தீக்குதே" என்று சிரித்தாள். அந்த நிமிசமே வெளியே ஊற்றிவிட்டேன்.

அறியாமல் குடித்தது பாவமில்லை என்று பள்ளிவாசல் லெப்பை சொன்னார். ஆனால் முழங்கால் மறுபடியும் மடங்குவதில்லை, உட்கார்ந்துதான் தொழுகிறேன். படியேற ஏலாத சமையல்காரியை இவர்கள் வைத்திருக்க மாட்டார்கள்.

வாப்பாவின் கைத்தடியைப் புடவையில் சுற்றி, கண்டிக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு. அதை என் அறைக்குள் மட்டும்தான் ஊன்றுவேன். வெளியே நேராகத்தான் நடப்பேன்.

கடிதத்தைத் தபாலில் போட ஆள் வந்துவிட்டார்.

உன் உம்மா