பிள்ளையின் பிடரியும் தாயின் வயதும்

லா சப்பல், பாரிஸ்
12 பெப்ரவரி 2012

அன்பு மகள் நிரோஜினிக்கு,

இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். மொன்றியல் குளிரில் நீயும் மருமகனும் பேத்தியும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு கிழமையாக அம்மா தொலைபேசியில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று நீ கோபித்ததாகத் தம்பி ஐங்கரன் சொன்னான். கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை வாசி. தொலைபேசியில் கதைக்கப் பயமான விஷயம், அதனால்தான் பேனை பிடித்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்கு ஓடுவாய். உன் மச்சாள் தாட்சாயினியும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

போன முறை இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோனது உனக்குத் தெரியும். அதனால் இந்த முறை நாங்கள் வெளியில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. மூன்றாம் மாத ஸ்கேன் எடுத்து, இரத்தமும் கொடுத்துவிட்டு வந்தோம். பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தது. பிள்ளைக்குக் குறை இருக்கக்கூடிய சாத்தியம் கூடவாம், வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்துப் பார்க்கவேண்டி வருமாம், வந்து கதைக்கட்டாம். ஸ்கேன் தாளில் "கிளார்த்தே நுக்கால்" என்று ஒரு பெயர் இருந்தது. அதுதான் வருத்தத்தின் பெயராக்கும் என்று நினைத்து, புடவைக் கடைக் கோசலையிடம் யாரோ தெரிந்த பிள்ளைக்கு என்று பொய் சொல்லிக் கேட்டேன். அவள் கன்னத்தில் கை வைத்து, ஐயோ அக்கா, அது பொல்லாத வருத்தமெல்லோ, சார்செல் பக்கத்திலையும் ஒரு பிள்ளைக்கு வந்தது என்றாள். வாங்கிய முருங்கைக்காயை அவளுடைய மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு ஒருவரும் சாப்பிடவில்லை. எந்தப் பிள்ளை வந்தாலும் அது எங்கள் பிள்ளைதான், அதைத் தாட்சாயினியிடமும் சொன்னேன். ஆனால் அந்த ஊசியால் எப்போதாவது கரு கலைவதும் உண்டு என்று கேட்டபிறகு அவள் வயிற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

தம்பிக்குப் பெண்சாதியோடு போக ரெஸ்டோரண்டில் லீவு இல்லை, நான்தான் கூடப் போனேன். வைத்தியர் மர்கரீத் நல்ல மனுசி, ஒரு தாளில் படம் கீறிக் காட்டினா. அந்த மாதத்தில் எல்லாப் பிள்ளைக்கும் பிடரித் தோலுக்குள் கொஞ்சம் நீர் இருக்குமாம். ஸ்கேனில் அது கறுப்பாகத் தெரியும், அதன் தடிப்புக்குத்தான் கிளார்த்தே நுக்கால் என்று பெயராம். வருத்தமே இல்லை, பார். தடிப்புக் கூடினாலும் மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்றுதான் அர்த்தமாம், பிள்ளைக்குக் குறை என்று முடிவு இல்லை. எங்கள் பிள்ளைக்கோ அந்த அளவு சரியாகவே இருக்கிறதாம். பிறகு எதற்கு ஊசி என்று கேட்டேன். பிள்ளையின் பிடரி, தாயின் இரத்தம், தாயின் வயது, மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்களாம். மதாமுக்கு முப்பத்தெட்டு வயது, அதுதான் கணக்கை ஏற்றிவிட்டது என்றா.

உனக்கு நினைவிருக்கும், நகரசபை மேரியில் தம்பியின் கலியாணம் பதிந்தபோது பத்திரப்படி பொம்பிளை மாப்பிள்ளைக்கு மூத்தவள் என்று நாங்கள் சிரித்தது. சின்னப் பெட்டை தனியாக வந்தால் விமான நிலையத்தில் மறிப்பார்கள் என்று அவளை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி வைத்தான். அவள் அதையே அகதி விண்ணப்பத்திலும் சொன்னாள், பிறகு எல்லாப் பத்திரத்திலும் அதுவே ஏறிவிட்டது. உண்மையில் அவளுக்கு இருபத்தெட்டுத்தான். இப்போது குடியுரிமைக்கு வேறு போட்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் பத்திரங்களைக் கிளறுவார்களோ, சொல்லாவிட்டால் ஊசி ஏறுமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தாட்சாயினி மேசைக்குக் கீழே என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், மதாம், எனக்கு அந்த வயது இல்லை, அது கடவுச்சீட்டின் வயது என்று சொல்லிவிட்டாள். வைத்தியர் பேனையை வைத்துவிட்டு அவளையே பார்த்தா. பிறகு, இந்த அறையில் சொல்வது பத்திரம் பார்க்கும் பிரிபெக்சூருக்குப் போகாது, எனக்குக் கணக்குக்குத்தான் உண்மை வேண்டும் என்றா.

நேற்று மறுகணக்கு வந்தது. சாத்தியம் நன்றாகக் குறைந்துவிட்டது, ஊசி தேவையில்லை. குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, ஐந்தாம் மாத ஸ்கேனையும் பார்ப்போம் என்று வைத்தியர் சொன்னா. அது போதும் பிள்ளை. எனக்கு நேற்றுத்தான் சோறு தொண்டையால் இறங்கியது. மெட்ரோவில் வரும்போது உன் மச்சாள், மாமி, எனக்கு இன்னும் முப்பதே ஆகேல்லை என்று சிரித்தாள். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிப்போனன், முழங்கால் நொந்தாலும் வயசு போச்சுது எண்டு நினைச்சன் என்றவள், மார்க்ஸ் டோர்மோய் ஸ்டேஷன் வரும்வரை அழுதாள். நான் தடுக்கவில்லை.

நீ பனி அள்ளி இடுப்பை முறித்துக்கொள்ளாதே, அதை மருமகன் செய்யட்டும். பேத்தியோடு தமிழில் கதை. உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. ஜனவரி முதலாம் திகதி தாட்சாயினிக்கு வாழ்த்துச் சொல்வதை இனி விட்டுவிடு. அது கடவுச்சீட்டில் போட்ட பிறந்தநாள், நாங்களும் இத்தனை வருடம் அன்றைக்குத்தான் கேக் வெட்டினோம். அவள் பிறந்தது மே இருபத்திமூன்று. தாய் போனபிறகு அந்த நாளில் அவளை ஒருவரும் கூப்பிட்டதில்லையாம். இந்த முறை விடியவே நீ கூப்பிடு.

உன் அம்மா,
சாரதாதேவி