பக்கத்து வீட்டுப் பாடம்

உம்முடைய பித்தளை விசில் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்தும் அறையின் அலமாரியில் சாக்பீஸ் தேடியபோது கையில் அகப்பட்டது. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீர் கொண்டுவந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பித்தளை வாசனையோடு உம்முடைய மூக்குப்பொடி வாசனையும் லேசாக வருகிறது. நீர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பொடி இன்னும் போகவில்லை.

நீர் அதை ஊதினால் மாதா கோயில் வளாகத்துக் காகங்கள் எழும்பிப் பறக்கும், பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் உட்காரும். நானும் ஊதிப் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. முன்னால் நின்ற சிறுமி ஒருத்தி மட்டும், "சார், ஊதுதியளா, மூச்சு விடுதியளா?" என்று கேட்டாள். நீர் இருந்திருந்தால் சிரித்துச் சிரித்தே இருமியிருப்பீர்.

புது நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயாரிக்கும் வேலையை நம் இருவரிடமும் ஒப்படைத்த நாள் நினைவிருக்கிறது. சொல்லித்தர வேண்டியது இரண்டுதான். கடவுளை முழு மனதோடு நேசிப்பது, நம்மைப் போலவே அயலாரையும் நேசிப்பது. நீர் யோசிக்கவே இல்லை. "கடவுள் உம்ம பங்கு, அயலான் எம் பங்கு" என்று பிரித்துவிட்டீர். ஏன் அப்படி என்று கேட்டேன்.

"கடவுள் எதுத்துப் பேச மாட்டாரு வே. உமக்கு அதான் தோது."

சரியான கணிப்பு. பாசன அலுவலகத்தில் மதகுக்கும் வாய்க்காலுக்கும் வரைபடம் வரைந்தே காலத்தைக் கழித்தவன் நான். தாளில் கோடு நேராக விழும். எதிரே ஆள் நின்றால் வாய் குழறும். ஆகவே கரும்பலகையில் கட்டம் போட்டு, செபங்களை வரிவரியாகப் பிரித்து, மனப்பாடம் செய்ய வைத்தேன். பிள்ளைகள் தப்பில்லாமல் ஒப்பித்தார்கள். அவர்கள் கடவுளை நேசித்தார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. அதை ஒருநாள் உம்மிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "நீரு கண்ண மூடிச் செபம் சொல்லுதப்போ பிள்ளைய எல்லாம் உம்மத்தான் பாத்துட்டு இருக்குவ. அது போதும் வே" என்றீர். எனக்குப் போதவில்லை, ஆனாலும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

உம்முடைய வகுப்புக்குப் புத்தகமே கிடையாது. ஒரே கேள்விதான். "ஏலே, பக்கத்து வீட்டுல என்ன விசேஷம்?" அயலானை நேசிக்க வேண்டுமென்றால் முதலில் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும் என்பது உம்முடைய வாதம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வாரம் முழுக்க மதில்மேல் தொங்கிச் செய்தி சேகரித்தார்கள். ஒருவன் எழுந்து, பக்கத்து வீட்டு அக்கா மாமியாருக்குத் தெரியாமல் முட்டை அவித்துத் தின்கிறாள் என்று அறிவித்தான். அந்த மாமியாரின் பேத்தி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மறு ஞாயிறு அந்த அக்கா நேரே வந்துவிட்டாள். "ஏ அண்ணாச்சி, ஞானோபதேசத்துக்கு அனுப்புனா எங்க வீட்டுச் சட்டிய எட்டிப் பாக்கவா சொல்லிக் குடுக்கீய?"

நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீர் கை கூப்பினீர். "தப்புதான் தாயி. மன்னிச்சிரு. ஆனா இனிமே மாமியாளுக்கும் ஒரு முட்டை சேத்துப் போடு." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கே பாடத்தைத் திருத்தினீர். "வீட்டுக்குள்ள நடக்குத சங்கதி நமக்கு வேண்டாம்லே. அவங்களுக்கு நம்மளால என்ன ஆகணும்? அத மட்டும் பாத்துட்டு வாங்க." அதன்பிறகு மதில்மேல் ஒருவரும் தொங்கவில்லை. ஒரு பிள்ளை தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுத்தது, ஒரு பிள்ளை மாத்திரை வாங்கி வந்தது. நான் என் கட்டங்களைப் போட்டுக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீர் போனபின் இரண்டு பங்கும் என் தலையில் விழுந்தன. செபங்களைச் சொல்லிக்கொடுத்தே மாதங்களை ஓட்டினேன். உம்முடைய பாடம் வந்தபோது பயந்துபோய், இந்த வேலையிலிருந்து என்னை விடுவித்துவிடுங்கள் என்று கோயில் சாமியாரிடம் சொல்லப் போனேன். அவர் சின்ன வயது. "ஒரு ஞாயிறு எடுத்துப் பாருங்க சார், அப்புறமும் முடியலன்னா சொல்லுங்க" என்றார். போன ஞாயிறு அந்தக் கேள்வியைக் கேட்டேன், உம் குரலில் அல்ல, என் குரலில்.

விசிலைக் கேலி செய்த அதே சிறுமி எழுந்தாள். "நாங்க அபார்ட்மெண்ட் சார். பக்கத்து வீடு எப்பவும் பூட்டியே கெடக்கு. யாருன்னே தெரியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க பக்கத்து வீட்டுல யாரு சார்?" என்றாள்.

என் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம் போன மழைக்காலத்தில் குடிவந்தது. மகன் வளைகுடாவில். வீட்டில் மருமகளும் வயதான மாமனாரும். இவ்வளவும் பால்காரர் சொல்லித் தெரிந்தது. வாசலில் அவர்களைக் கண்டால் நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். மனைவி போனபிறகு அந்தப் பழக்கம் இன்னும் கூடிவிட்டது. "அடுத்த வாரம் சொல்லுகிறேன்" என்றேன். சிறுமி, "நானும் கேட்டுட்டு வாரேன் சார்" என்றாள்.

வியாழக்கிழமை மாலை போனேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு கேட்டைத் தொடுவதற்குள் மருமகள் பார்த்துவிட்டாள். "மாமா, பக்கத்து வீட்டு சார் வந்திருக்காங்க!"

பெரியவர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார். "வாங்க சார், உக்காருங்க. உடம்புக்கு ஏதும் சொகமில்லையா?"

"இல்லை பாய். உங்களுக்கு ஏதாவது... என்னால் ஆகிற மாதிரி..."

"எங்களுக்கா?" அவர் சிரித்தார். மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "சார், காலையில உங்க அடுப்படி லைட்டு எரியுதான்னு பாத்துட்டுத்தான் எனக்கு மத்த வேலை. எரியலன்னா போய்க் கதவத் தட்டணும்னு மாமா சொல்லியிருக்காங்க."

"தனியா இருக்குத மனுசன்லா" என்றார் பெரியவர். "ஒருநாள் லேட்டாப் போட்டீங்க பாருங்க, இவ செருப்ப மாட்டிட்டு வாசல்வரைக்கும் வந்துட்டா."

இருமல் மருந்து குடித்துவிட்டு அயர்ந்து தூங்கிய நாள் அது. மாதக்கணக்காக உம்முடைய பாடத்தை ஒருவர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

கிளம்பும்போது பெரியவரே கேட்டார். "கண்ணுல புரை சார். பேப்பர் வாசிச்சுக் காட்ட ஆளில்ல. ஒங்களுக்குச் சிரமம் இல்லன்னா..." அன்றைய தாளை முழுக்க வாசித்தேன். "பைய வாசிங்க சார், என்ன ரயிலா புடிக்கணும்?" என்றார் நடுவில். அடுத்த நாளும் போனேன், நேற்றும் போனேன்.

இன்று காலை வகுப்பில் சிறுமிதான் முதலில் எழுந்தாள். "பக்கத்து வீட்டு அக்கா பேரு செல்வி. நர்ஸு. ராத்திரி வேலைக்குப் போயிட்டுப் பகல்ல தூங்குதாங்க. நாங்க கதவுக்கிட்ட நின்னு கத்தக் கூடாது. அதான் சார் அவங்களுக்கு வேணும். எங்க பிளாட்டுப் பிள்ளைய எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

பிறகு நான் சொன்னேன். பாய்க்குக் கண் சரியில்லை, பேப்பர் வாசிக்க ஆள் வேண்டும், வாசிக்கிறேன் என்று.

"அவங்க பேரு என்ன சார்?"

நான் விழித்தேன். "பாய்."

"அது பேரா சார்?" வகுப்பே சிரித்தது. "உங்களுக்கு வீட்டுப்பாடம் சார். கேட்டுட்டு வாங்க." வாசலில் நின்ற சாமியாரும் சிரித்துக்கொண்டிருந்தார். என்னால் முடியாது என்று அவரிடம் சொல்வதற்கென்று வைத்திருந்த பேச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "சாமி, அடுத்த வாரம் என் வகுப்புக்கு இன்னொரு பெஞ்சு போட்டால் நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை நான் நன்றாகச் செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மூன்று நாளாகக் காலையில் அடுப்படி விளக்கைப் போடும்போது செபம் தானாக வருகிறது, வரிவரியாகப் பிரிக்காமலே. உம் பங்கு எது, என் பங்கு எது என்று நாம் போட்ட கோடு சரியாக எங்கே விழுந்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

பேப்பர் வாசிக்கப் போகிற நேரமாகிவிட்டது. இன்று பெயரைக் கேட்டுவிடுவேன். அதற்கு முன்னால் என் பெயரைச் சொல்லப்போகிறேன்.