அச்சு ஈரம் இழுக்கும் நேரம்

தங்கச்சி,

காலையில் அலமாரியைத் துடைக்கும்போது அந்தக் கனத்த யானை பொம்மை கைதவறிக் காலில் விழுந்தது. பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கட்டைவிரல்தான் வீங்கிவிட்டது. வலியில் உன்னைத்தான் திட்டினேன். நீ உயிரோடு இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் கைக்கு செல்போன் வராத காலம் அது. விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் வேலை செய்யும் தாய்மார்கள் பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுக்கிறார்கள் என்று கேட்க, கல்லூரி ஆராய்ச்சிக்காக நீ வந்தாய். "கல்யாணமே ஆவல, நீ இன்னாத்த கேக்கப் போற?" என்றேன். "தெரியாததாலதானேக்கா கேக்க வந்திருக்கேன்," என்றாய். வாயாடி.

அப்போது என் மகள் கைக்குழந்தை. இரண்டு தெரு தள்ளி மாமியாரிடம் விட்டிருந்தேன். பகலெல்லாம் டின் பால், அதிலும் தண்ணீர்தான் அதிகம். பேதியில் பிள்ளை துரும்பாகிவிட்டாள். சாயங்காலம் நான் போய் மார்பில் போட்டால் பால் சரியாகச் சுரக்கவில்லை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது, விடாவிட்டால் பிள்ளை தங்காது. "எனக்குப் பாலே இல்ல, எழுதிக்க," என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ எழுதவில்லை. மறுநாள் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாய்.

களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு ஈரத்தை இழுக்கும். ஓரத்தில் மண் படிந்து பொம்மை ஆனதும், நடுவில் மிச்சமிருக்கும் குழம்பைக் கவிழ்த்துவிட வேண்டும். அதுவரை நாங்கள் ஊர்க்கதை பேசுவோம். "இந்த நேரத்துல வீட்டுக்குப் போயிட்டு வரலாமேக்கா?" என்று கேட்டாய். இத்தனை பேர் இருந்தோம், ஒருத்திக்கும் அது தோன்றியதில்லை.

ஓடினேன். மகள் வாய் வைத்தவள் விடவே இல்லை. எனக்கும் எழுந்திருக்க மனசில்லை. திரும்பி வருவதற்குள் யானைகள் எல்லாம் உள்ளே கெட்டிப்பட்டிருந்தன. கவிழ்க்க வேண்டும் என்று தெரியாமல் நீ பக்கத்திலேயே காவல் காத்திருந்தாய்.

"நாளையிலேர்ந்து வராத," என்றார் மேஸ்திரி. நீ எழுந்து, "நான்தாங்க போகச் சொன்னேன். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க," என்றாய். இடத்தைவிட்டு நகரவில்லை.

அடுத்த மேசையில் செல்வி, யார் வம்புக்கும் போகாதவள், நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இனிமே அவ அச்ச நான் கவுத்துக்கறேன். எனக்குப் பொறந்ததும் என் அச்ச அவ பாத்துக்கட்டும்," என்றாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "பொம்ம கெட்டுதுன்னா அத்தினி பேரும் வூட்டுக்குத்தான்," என்று முனகிக்கொண்டே மேஸ்திரி போய்விட்டார்.

அன்றிலிருந்து பால் கொடுப்பவள் போவாள், பக்கத்தில் இருப்பவள் அச்சைப் பார்ப்பாள். அடிக்கடி குடிக்கக் குடிக்க எனக்கும் பால் ஊறியது. மகள் தேறினாள். கெட்டுப்போன யானைகளில் ஒன்றை நீ கேட்டு வாங்கிச் சூளையில் வைக்கச் சொன்னாய். வெடித்துவிடும் என்றோம். அது ஒன்று மட்டும் வெடிக்காமல் வந்தது, நீயே என் மகளிடம் கொடுத்தாய்.

அவளை இப்போது பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். போன மாதம் பிள்ளையோடு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த வாரமே போன். "எனக்குப் பாலே இல்லம்மா." பஸ் பிடித்துப் போனேன். பிள்ளை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். நான் ஒரு பகல் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடுப்பும் அவள், துணியும் அவள், மருந்து சொல்ல வந்தவர்களுக்கு டீயும் அவள். ஒவ்வொன்றாக அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "போயி புள்ளைகிட்ட ஒக்காரு," என்று மட்டும் சொன்னேன்.

நாலைந்து நாள் போனது. பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே பேரன் மடக் மடக்கென்று பால் விழுங்கும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன், தங்கச்சி. நீ கேட்டிருக்க வேண்டிய சத்தம் அது.