நகர்த்துதல் என்று ஒன்று கிடையாது

ஜூன் 11, 2024

கேசவின் பதில் வந்துவிட்டது. இந்தத் தடவையும் இல்லை. "எடா, இப்போ வேண்டா. அடுத்த பெரிய வெர்ஷன்ல பாக்கலாம்." போன வருஷமும் இதையேதான் எழுதினான். வார்த்தையையாவது மாற்றியிருக்கலாம்.

கல்லூரியில் என்னோடு படித்தவன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு திறந்த மூல டெஸ்க்டாப்பில், கோப்புகளைக் கையாளும் பகுதியை இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுத ஆரம்பித்தோம். இப்போது கொச்சி காக்கநாட்டில் ஒரு கம்பெனி அதற்காகவே அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது எல்லாம் அவன் கையில். நான் அதே காக்கநாட்டில் வேறொரு கம்பெனியில் யாருக்கோ பில் போடும் மென்பொருள் எழுதிவிட்டு, தோப்பும்படி வழியாகப் பஸ்ஸில் நசுங்கி மட்டாஞ்சேரி வந்து சேர்ந்து, காப்பி குடித்துவிட்டு இதைச் சும்மா செய்கிறேன்.

சும்மா என்பது என் மனைவி கமலாக்ஷியின் வார்த்தை. "சும்மா செய்யற வேலைக்கு இத்தனை கோபமா?" என்றாள்.

ஜூன் 12

நேற்று எரிச்சலில் விஷயத்தையே எழுதவில்லை.

எங்கள் பகுதியின் வேலை ஒரு நாடகம். போன், பென் டிரைவ், எங்கோ இருக்கும் சர்வர், எல்லாம் வேறு வேறு ஜாதி. ஆனால் பயன்படுத்துகிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி ஃபோல்டராகத் தெரிய வேண்டும். மெய்நிகர் கோப்பு முறைமை என்று தமிழில் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கோப்பை வெட்டி ஒட்டினால் உண்மையில் எதுவும் நகர்வதில்லை. இங்கே நகல் எடுக்கிறோம், அங்கே அசலை அழிக்கிறோம். நடுவில் ஒயர் ஒரு நொடி விட்டுச் சேர்ந்தால் போனிலிருந்து ஒன்றும் வராது. எங்கள் நிரலோ கோப்பு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, பெயர் மட்டும் உள்ள காலிக் கோப்பை இங்கே வைத்துவிட்டு, அசலை அழித்துவிடும். 'பிழை' என்று ஒரு வார்த்தைகூடத் திரையில் வராது.

என் திருத்தம் சின்னது. அழிப்பதற்கு முன்னால் இரண்டின் அளவும் ஒன்றா என்று பார். அவ்வளவுதான். நெட்வொர்க் டிரைவ்களில் வேகம் குறையும் என்கிறான் கேசவ். வேகமாகத் தொலைக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

என் மடிக்கணினியில் திருத்தியதுதான் ஓடுகிறது. ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் கிடைப்பதுதான். அதில் நான் கை வைப்பதில்லை. ஊரே எதைப் பயன்படுத்துகிறதோ அதைத்தான் எழுதுகிறவன் வீடும் பயன்படுத்த வேண்டும். இது என் கொள்கை. கேசவ் வீட்டில் இதைச் செய்வார்களா என்பது சந்தேகம்.

ஜூலை 3

மாமனாரைப் பேச்சுப் பயிற்சிக்கு எறணாகுளம் கூட்டிப்போய் வந்தாள் கமலாக்ஷி. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு ஒரு சொல்லும் வருவதில்லை. உதடு அசைகிறது, காற்று வருகிறது.

மாமனார் விஸ்வேஸ்வரன் என்றால் பஜார் ரோட்டில் வாய்க்குப் பேர்போன ஆள். காலையில் மலையாளப் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார். ஒவ்வொரு செய்திக்கும் தமிழில் வசவு உண்டு. "இவன் பாலம் கட்டினா காக்கா கூட அதுல உக்காராதாக்கும்." கீழே சுக்கு மூட்டை இறக்குகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அது பெரும் தொல்லையாக இருந்தது, பொய் சொல்வானேன். கமலாக்ஷி அதையெல்லாம் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறாள். இப்போது தினமும் ஒன்றை அவருக்கே போட்டுக் காட்டுகிறாள். தன் குரலைக் கேட்டு வாயை அசைத்துப் பார்க்கிறார். பயிற்சி தரும் பெண் அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறாளாம்.

ஜூலை 21

மழை. போனில் இடமில்லை என்று கமலாக்ஷி புலம்பல். எல்லாவற்றையும் ஹால் கம்ப்யூட்டருக்கு மாற்று என்றேன். "அதுல போட்டா பத்திரமோ?" என்று கேட்டாள். "நான் எழுதினதாக்கும்" என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போய்விட்டது.

ஹாலில் உட்கார்ந்து நகர்த்திக்கொண்டிருந்தாள். சுதீர் — அவள் தம்பி, துபாயில் இருக்கிறான் — அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கக் கூப்பிட்டான். மேஜையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். ஒயர் ஆடியிருக்கிறது. விட்டு விட்டுச் சேர்ந்திருக்கிறது. பேசி முடித்து வந்து பார்த்தால் 'முடிந்தது' என்று திரையில் பச்சைக் குறி.

கோப்பெல்லாம் இருக்கிறது. பெயரெல்லாம் அவளே வைத்தது: 'பாலம்', 'மந்திரி', 'மீன் விலை', 'அப்பா சிரிச்சது'. ஒன்றைத் திறந்தாள். இன்னொன்று. இன்னொன்று.

"எல்லாம் காலியாக்கும் இருக்கு. பாருங்கோ. எல்லாம் காலி."

போனில் பார்த்தேன். அங்கேயும் இல்லை. எனக்குப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, என்ன நடந்தது என்று அவள் சொல்லும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் பார்ப்பது மாதிரி ரொம்ப நேரம் பார்த்தேன்.

ஆகஸ்ட் 19

லீவு. சாப்பிடாமல் இருக்கிறாள்.

"சுதீர் கூப்பிட்டான்னு போனை எடுத்தேன். ஒயர் அதுல இருந்ததையே மறந்துபோய்ட்டேன். நான்தான் தொலைச்சேன்."

இல்லைடி, நீ இல்லை. இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒயரை ஆட்டினதால் கோப்பு தொலையக் கூடாது, அதற்குத்தானே நான் இருக்கிறேன், அந்தத் திருத்தம் அடுத்த அறையில் என் பையில் இருக்கிற மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது — இதை எப்படிச் சொல்வது? "சில சமயம் இப்படி ஆகும்" என்றேன். என்ன ஒரு வாக்கியம்!

மாமனார் வழக்கமான நேரத்துக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 26

அழிந்ததை மீட்டுத் தருகிற ஆள் எறணாகுளத்தில் செல்போன் கடைகள் நிறைந்த பெண்டா மேனகைக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். போனைப் பார்த்துவிட்டு, "ஈ மாதிரி போன்ல கிட்டில்ல சாரே" என்றார். கிடைக்காதாம். எனக்கும் தெரியும். அவளுக்காகப் போனேன். எனக்காகவும்தான்.

செப்டம்பர் 2

கேசவுக்கு எழுதினேன். வீட்டில் நடந்ததை அப்படியே எழுதிவிட்டேன், மாமனார் குரல் உட்பட. திட்டியும் எழுதினேன்.

பதில்: மறுபடி செய்துகாட்டும் வழிமுறை, பதிவுகள், போனின் மாடல் அனுப்பவும்.

அப்புறம் தனியாக ஒரு வரி: "சாரிடா."

செப்டம்பர் 10

திருத்தத்தைச் சேர்த்துவிட்டான். நான் எழுதினது எழுதினபடி. வேகம் குறைகிறதா என்று அளந்துகூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 24

புதிய வெர்ஷன் ஹால் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. ஒரு கோப்பை நகர்த்தினேன், நடுவில் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். அசல் அப்படியே இருக்கிறது. ரொம்ப சந்தோஷம்.

அக்டோபர் 6, ஞாயிறு

கொலு பார்க்கக் கேசவ் மனைவியோடு வந்திருந்தான். கமலாக்ஷி இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் இருந்தாள். மகள் அம்முவுக்காக மூன்று படி மட்டும் வைத்தாள்.

கேசவ் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நல்லவன்தான், அதுதான் கஷ்டம். கமலாக்ஷி சுண்டல் கொண்டுவந்தபோது அவளிடம் சொன்னான்: "தப்பு என்னோடதாக்கும் கமலாக்ஷி. இவன் அப்பவே சரியாச் செஞ்சு தந்தான். இவன் லாப்டாப்ல ரெண்டு வர்ஷமா அதுதான் ஓடறது. நான்தான் வேண்டான்னேன்."

என்னைப் புகழ்ந்தான். என்னைப் புகழ்வதற்குத்தான் அதைச் சொன்னான்.

"எதுல ஓடறது?" என்றாள்.

"லாப்டாப்ல. இவன்டெ லாப்டாப்."

அவள் ஹால் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு கேசவின் மனைவிக்கு வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 7

"இதுல ஏன் போடலை?"

கொள்கையைச் சொன்னேன். ஊருக்கெல்லாம் ஒன்று, நமக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது, அப்படியிருந்தால் அந்த வலி நமக்குத் தெரியாது... நான் பேசுவது எனக்கே காதில் விழுந்தது. பாதியில் நிறுத்தினேன்.

"வலி தெரிஞ்சுதா?" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து: "இது போகட்டும். நான்தான் தொலைச்சேன்னு இத்தனை நாள் அழுதேனே. பாத்துண்டுதானே இருந்தேள்?"

இருந்தேன். ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்டோபர் 20

ஹால் கம்ப்யூட்டரை அவள் தொடுவதில்லை. அம்முவையும் விடுவதில்லை.

நவம்பர் 9

கேசவுக்கு எழுதிவிட்டேன், இனி நான் இல்லை என்று. "யோசிச்சுச் சொல்லு" என்கிறான். யோசிக்க என்ன இருக்கிறது? கமலாக்ஷியிடமும் சொன்னேன். "அதனால என்ன ஆகப்போறது?" என்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 4

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது சுதீர் கூப்பிட்டான்.

"அத்திம்பேர், கேட்டேளோ? அப்பா பேசினது?"

இல்லை, என்ன பேசினார் என்றேன். இழுத்து இழுத்துச் சொன்னான். இன்று பயிற்சியில் அவருக்கு முதல் வார்த்தை வந்திருக்கிறது. அதைப் பதிவு செய்து கமலாக்ஷி உடனே அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். பத்திரமாக வைத்துக்கொள், இரண்டு இடத்தில் வை என்று சொல்லியிருக்கிறாள்.

"எனக்கும் அனுப்புடா."

"அது... அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பறேன் அத்திம்பேர். தப்பா நெனச்சுக்காதேங்கோ."

தப்பாக நினைக்க எனக்கு என்ன உரிமை?

வீட்டுக்கு வந்து காப்பியை நானே கலந்துகொண்டேன். மாமனார் அறையில் மூன்று பேரும் இருக்கிறார்கள். பதிவைத் திரும்பத் திரும்பப் போடுகிறாள்; அம்மு கைதட்டுகிறாள். கதவு சாத்தியிருக்கிறது. கீழே ரோட்டில் அரிசி லாரியை யாரோ பின்னால் எடுக்கிறார்கள். அவர் குரல்தான், அது தெரிகிறது. என்ன வார்த்தை என்று இங்கிருந்து பிடிபடவில்லை.